டைமிங் கவர் இல்லாமல் ஆரியங்காவு ஏறலாமா?

பழைய வண்டியில் டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பல் பெல்ட்) மாற்றும்போது பல சமயம் அதை மூடியிருக்கும் கவர் முழுசாகத் திரும்பி வராது. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அது. போல்ட் போகிற காது ஒடிந்துவிடும், இல்லையென்றால் விளிம்பில் விரிசல் ஓடிவிடும். மெக்கானிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இது இல்லாட்டியும் வண்டி ஓடும். அப்புறமா வாங்கிப் போட்டுக்கிடலாம்" என்பார். அதில் பொய்யில்லை. கவர் இல்லாமலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் சீராக இருக்கும், மைலேஜ் குறையாது. ஆனால் செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி, மலை ஏறிக் கேரளாவுக்குள் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு அது போதுமான பதில் இல்லை. எந்தக் கவர் இல்லை, எந்தச் சாலையில் ஓட்டப் போகிறோம், எத்தனை நாளைக்கு என்ற மூன்றும் தெரியாமல் இதில் முடிவெடுக்க முடியாது.

அதற்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல், ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 டீசல் இரண்டுமே செயின். செயின் எண்ணெயில் ஓடுவது. அங்கே எண்ணெயை உள்ளே நிறுத்துவதே கவர்தான், அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எக்கோஸ்போர்ட்டின் 1 லிட்டர் எக்கோபூஸ்ட் மாதிரி எண்ணெய்க்குள்ளேயே ஓடும் பெல்ட்டும் உண்டு, அதையும் விட்டுவிடலாம். இங்கே பேசுவது உலர்ந்த ரப்பர் பெல்ட் உள்ள வண்டிகளைப் பற்றி: மாருதி 800, ஆம்னி, பழைய ஜென், எஸ்டீம், ஜிப்ஸி, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல், பழைய 2.5 டீசல் இன்னோவா, டஸ்டர் டீசல். எல்லைக்கு இரண்டு பக்கமும் இவற்றில் நிறைய வண்டிகள் இன்னும் தெம்பாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

கவர் எதற்காக?

ரப்பர் பல் பெல்ட்டோடு வரிசை உற்பத்திக்கு வந்த முதல் கார் 1962-இல் ஜெர்மனியில் வந்த கிளாஸ் 1004. செயினைவிட எடை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெய் தேவையில்லை. எண்ணெய் தேவையில்லை என்பதால் அதன் கவரும் மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் போதும் என்றாகிவிட்டது. மெல்லியதாக இருப்பதைப் பார்த்துத்தான் அது சும்மா மூடி வைப்பதற்கு என்று நமக்குத் தோன்றுகிறது.

பெல்ட்டின் வேலை, பிஸ்டன்கள் சுற்ற வைக்கும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சரியாக ஒரு சுற்று சுற்ற வைப்பது. புளியரை எஸ் வளைவில் இரண்டாவது கியரில் ஏறும்போது என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. கிராங்க் பக்கத்துப் பல் புல்லி 6 செ.மீ. குறுக்களவு என்றால், பெல்ட் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஓட்டத்தில் பல்லுக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு சின்ன ஜல்லிக்கல் சிக்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். கல் பெல்ட்டின் பல்லைப் பிய்த்துவிடும், அல்லது பெல்ட்டைத் தூக்கி ஒரு பல் தாண்ட வைத்துவிடும். கேம் புல்லியில் 40 பல் இருந்தால் ஒரு பல் தாண்டுவது கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. வண்டி இழுக்காது, நடுங்கும், புகை தள்ளும். இரண்டு மூன்று பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெல்ட்டே அறுந்தால் டீசலில் அது கிட்டத்தட்ட நிச்சயம். அழுத்த விகிதம் அவ்வளவு அதிகமாக இருக்கும் என்ஜினில், பிஸ்டன் மேலே வரும்போது திறந்த வால்வுக்கு ஒதுங்க இடமே கிடையாது. சில பழைய பெட்ரோல் என்ஜின்களில் இடைவெளி விட்டிருப்பார்கள், வால்வு தப்பிக்கும். உங்களுடையது அந்த ரகமா என்று தெரியாத வரை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கவரின் வேலை இந்தக் கல்லைத் தடுப்பது மட்டுமல்ல. ஃபேன் பெல்ட் நைந்து இழை இழையாகப் பிரிந்தால், அந்த இழை கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டில் சுற்றிக்கொள்ளும். கவர் இருந்துமே சில என்ஜின்களில் இது நடப்பதுண்டு. கவர் பெரும்பாலும் மேல், கீழ் என்று இரண்டு துண்டாக இருக்கும், அதில் கீழ்க் கவர் இல்லையென்றால் வழி அகலமாகவே திறந்து கிடக்கிறது. போனட்டுக்குள் மறந்து வைத்த வேஸ்ட் துணி, குனிந்து பார்க்கும்போது தோளில் தொங்கும் துண்டு, துப்பட்டாவின் நுனி, விரல் என்று ஓடும் பெல்ட் இழுத்துக்கொள்ளக்கூடியவை இன்னும் பல. தோட்டத்து வீடுகளில் ராத்திரி நிறுத்தும் வண்டிக்குள் எலி சருகையும் நாரையும் கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நம் சாலையின் கணக்கு

சமவெளியில் இருப்பவர் எழுதியதைப் படித்துவிட்டு நாம் முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-இல், தென்காசியைத் தாண்டியதும் உங்கள் முன்னால் போவது பெரும்பாலும் கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் என்கிற கனரக லாரிதான். தார்ப்பாய் கட்டியிருந்தாலும் வளைவில் கொஞ்சம் சிந்தும். சிந்தியதை அடுத்த வண்டியின் டயர் பொடியாக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரை எல்லையில் இருக்கும் கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் ரோடு காயாது. அந்தப் பொடி மழைத் தண்ணீரோடு குழம்பி, சக்கரத்திலிருந்து தெறித்து, என்ஜின் மேல் அப்பும். அப்புறம் வடகிழக்குப் பருவமழை, கூடவே நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலை சீசன். வண்டி சும்மா நிற்கும் மாதம் என்று ஒன்று இங்கே குறைவு.

வெறும் தண்ணீர் பட்டால் பெல்ட் உடனே ஒன்றும் ஆகிவிடாது, அது உலர்ந்துவிடும். பெல்ட்டின் பற்கள் மேல் ஒரு துணி உறை ஒட்டியிருக்கும். சேற்றுத் தண்ணீர் காய்ந்தபின் மிஞ்சும் மணல்தான் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துணியை உப்புத்தாள் போல் தேய்க்கும். துணி போனால் பல் சீக்கிரம் போகும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கின் கிரீஸையும் அதே மணலும் தண்ணீரும் சேர்ந்து கெடுக்கும். இதெல்லாம் ஒரே நாளில் தெரிகிற சேதம் இல்லை. "ஆறு மாசமா கவர் இல்லாமதான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிறவரை நான் அப்படியே நம்புகிறேன். அவருடைய பெல்ட்டைப் பார்க்காமல் அவர் சொல்வதை வைத்து என் வண்டிக்கு முடிவெடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

என்ஜின் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். 800, சான்ட்ரோ, இண்டிகா போன்ற முன்சக்கர டிரைவ் வண்டிகளில் என்ஜின் குறுக்காக இருப்பதால் பெல்ட் பக்கம் ஒரு முன்சக்கரத்தைப் பார்த்தபடி இருக்கும். அந்தச் சக்கரத்துக்கு உட்புறம் இருக்க வேண்டிய தடுப்பு ஷீட்டும் பழைய வண்டிகளில் பாதி கிழிந்தோ காணாமலோ போயிருக்கும். அது இல்லை, கீழ்க் கவரும் இல்லை என்றால் டயர் வாரி அடிப்பது நேராகப் பெல்ட்டுக்குத்தான். ஜிப்ஸி, இன்னோவா மாதிரி என்ஜின் நெடுக்காக இருக்கும் வண்டிகளில் பெல்ட் ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது. சக்கரத் தெறிப்பு குறைவு, முன்னாலிருந்து வரும் தூசி அதிகம். ஆம்னியில் என்ஜின் சீட்டுக்குக் கீழே இருப்பதால் ரோட்டுக்கு இன்னும் பக்கம்.

கவரே வேண்டாம் என்கிறவர்களின் வாதம்

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கவர் இல்லாவிட்டால் பெல்ட் கண்ணுக்குத் தெரியும். கேம் சீல் கசிந்து எண்ணெய் பெல்ட்டில் படுகிறதா, வாட்டர் பம்ப் ஒழுகுகிறதா, விளிம்பு பிசிறு விட்டிருக்கிறதா என்று போனட்டைத் திறந்ததும் பார்த்துவிடலாம். மூடி வைத்த கவருக்குள் எண்ணெய் கசிந்து ரப்பர் ஊறிப்போவது வெளியே தெரியவே தெரியாது. இது உண்மையான நன்மை. ஆனால் இதே நன்மையை மேல்கவரைக் கழற்றிப் பார்த்தும் அடையலாம். பெரும்பாலான பழைய வண்டிகளில் மேல்கவர் நாலைந்து 10 மி.மீ. போல்ட்டிலோ கிளிப்பிலோதான் நிற்கிறது. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு தடவை கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூடினால் முடிந்தது.

பெல்ட்டுக்குக் காற்றுப் பட்டால் சூடு குறையும் என்பது இன்னொரு வாதம். பெல்ட்டை வடிவமைத்ததே மூடிய கவருக்குள் இருக்கும் சூட்டைக் கணக்கில் வைத்துத்தான். அங்கே இல்லாத பிரச்சினைக்கு இது மருந்து.

பந்தய வண்டிகளில் திறந்த பெல்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கும் பையன்களும் உண்டு. கேம் டைமிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருப்பதால் அவர்கள் கவரைப் போடுவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு என்ஜினைப் பார்க்கிறார்கள், பெல்ட்டைத் துணி மாற்றுவதுபோல் மாற்றுகிறார்கள், ஓடுவதும் கூட்டிப் பெருக்கிய டிராக்கில். நாம் ஓடுவது டாரஸுக்குப் பின்னால்.

சரி, என்ன செய்யலாம்?

மேல்கவரையும் கீழ்க் கவரையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். கீழ்க் கவர் போயிருந்தால் என் பதில் ஒன்றுதான்: அது வரும் வரை வண்டி மலை ஏற வேண்டாம். ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான், ஃபேன் பெல்ட்டின் இழையைத் தடுப்பதும் அதுதான். போதாததற்கு, கிராங்க் புல்லியைக் கழற்றாமல் அதைப் போடவும் முடியாது. அதனால்தான் "அப்புறம் போட்டுக்கலாம்" என்பது கீழ்க் கவர் விஷயத்தில் அநேகமாக நடப்பதே இல்லை. ஒரு தடவை மூடிவிட்ட வேலையை, வெறும் பிளாஸ்டிக்குக்காக மறுபடி பிரிக்கக் கூலி கொடுக்க யாருக்கும் மனசு வராது. ஆகவே பெல்ட் வேலைக்கு வண்டியை விடுவதற்கு முன்பே கவர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் கவரையும் பெல்ட், டென்ஷனரோடு சேர்த்து வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். சில பழைய பெட்ரோல் என்ஜின்களில் இக்னிஷன் டைமிங் பார்க்கும் அளவுகோல் கீழ்க் கவரிலேயே வார்த்திருக்கும். கவர் போனால் அதுவும் போச்சு.

மேல்கவர் மட்டும் இல்லை, கீழ்க் கவரும் சக்கரத் தடுப்பும் சரியாக இருக்கின்றன என்றால் அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. வெயில் காலத்தில் தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று சமவெளியில் சுற்றுகிறவர் ஸ்பேர் வரும் வரை சில நாள் ஓட்டலாம். போனட்டுக்குள் துணியை விட்டு வைக்காமல், ஒயர் எதுவும் பெல்ட் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த ஒயர் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சென்சார் ஒயரையும் ஹோஸையும் பல வண்டிகளில் அந்தக் கவர் மேல்தான் கிளிப் போட்டு நிறுத்தியிருப்பார்கள். கவர் போனதும் அவை அந்தரத்தில் நிற்கும், குலுக்கலில் பெல்ட் மேல் சாயும். சாரல் சீசனில் ஆரியங்காவு பக்கம் டிரிப் இருந்தால், மேல்கவர் இல்லாமலும் நான் போக மாட்டேன்.

உடைந்ததை ஒட்டுவது மலிவு. விரிசல் சின்னது, காது ஒன்றுதான் ஒடிந்தது என்றால் முயலலாம். எம்-சீல், ஃபெவி குவிக் இரண்டும் இதற்கு ஆகாது. இந்தக் கவர்களில் நிறைய பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். அதில் பசை பிடிக்காது, பிடித்த மாதிரி இருந்து சூட்டில் பெயரும். பெயர்ந்த துண்டு உள்ளே விழுந்தால் கவர் இல்லாததைவிட மோசம். சால்டரிங் அயர்ன் வைத்து அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்ப்பதுதான் நிற்கும். பைக் மட்கார்டுக்கும் காரின் பம்பருக்கும் பிளாஸ்டிக் வெல்டிங் செய்கிறவர்களிடம் கொடுத்தால் செய்துவிடுவார்கள். உட்பக்கம் ஒட்டு மேடு விடாமல் செதுக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஒடிந்த காதுக்கு அகலமான வாஷர் போட்டுப் பிடிக்கலாம். கவர் நடுவில் ஒரு துண்டே காணோம் என்றால் ஒட்டுவதை மறந்துவிடுங்கள்.

தகரம் வெட்டிக் கவர் செய்து தருகிறேன் என்று லேத் பட்டறையில் யாராவது சொன்னால் எனக்குப் பயம்தான். தகரம் என்ஜின் அதிர்வில் தளர்ந்து உள்பக்கம் வளைந்தால் பெல்ட்டின் விளிம்பை அறுத்துக்கொண்டே இருக்கும். வலைக்கம்பி யோசனை இன்னும் மோசம், ஒரு கம்பி பிரிந்தால் போதும். கண்ணாடி மாதிரி தெரியட்டும் என்று ஆக்ரிலிக் ஷீட் போட்டால் சூட்டில் நெளியும்.

மிஞ்சுவது பழைய கவரும் புதுக் கவரும். காயலான் கடையிலோ பழைய ஸ்பேர்ஸ் கடையிலோ கிடைக்கும் கவருக்கு நான் முதல் இடம் கொடுப்பேன். இது தேய்கிற பொருள் இல்லை, விரிசல் இல்லாமல் காதெல்லாம் முழுசாக இருந்தால் புதுசுக்கும் அதற்கும் வேலையில் வித்தியாசமில்லை. மாருதி 800, ஆம்னி கவர்கள் புனலூர், கொட்டாரக்கரை பக்கத்திலும் கேட்டுப் பார்க்கலாம், பழைய மாருதியை விடாமல் வைத்திருப்பதில் கேரளக்காரர்கள் நம்மைவிடப் பிடிவாதம். திருநெல்வேலி, மதுரையில் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் கார்புரேட்டர் என்ஜினும் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும்) என்ஜினும் வந்திருக்கும், டீசலும் வந்திருக்கும். உடைந்த பழைய கவரைக் கையோடு கொண்டுபோய் துளைக்குத் துளை வைத்துப் பாருங்கள். வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள்.

புதுசு கிடைக்கிற வண்டி என்றால் அதுவே சிறப்பு, ரப்பர் ஓரப்பட்டையும் புதுசாக வரும். டீசல் வண்டி வைத்திருக்கிறவர்கள் விலையைப் பார்த்துத் தயங்கவே கூடாது என்பேன். பெல்ட் போய் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்றும் செலவு பத்தாயிரங்களில் நிற்கும். கோட்டைவாசலுக்கும் பதின்மூன்று கண் பாலத்துக்கும் நடுவில் ராத்திரியில் நின்றுபோனால் ரிக்கவரி வண்டிக்குக் கொடுக்கும் காசிலேயே பல கவர்கள் வாங்கிவிடலாம். பெட்ரோல் 800 வைத்திருப்பவர் புதுசா பழசா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம், பரவாயில்லை.

ஏற்கெனவே பல மாதம் கவர் இல்லாமல் ஓட்டிய வண்டி என்றால் புதுக் கவரைப் போட்டு மூடிவிட்டால் போதாது. மூடுவதற்கு முன் பெல்ட்டை முழுச் சுற்றும் பாருங்கள். பல்லின் துணி தேய்ந்திருந்தாலோ, விளிம்பு பிசிறு விட்டிருந்தாலோ, டென்ஷனர் கையால் சுற்றும்போது கரகரத்தாலோ கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் மாற்றும் தூரம் கவரோடு ஓடிய பெல்ட்டுக்கானது.

மாட்டும்போது மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கவர் போல்ட்டுகள் பல வண்டிகளில் ஒரே நீளம் இருக்காது, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்து வைத்திருக்கிறாரா? கவர் இல்லாத காலத்தில் யாராவது அதே நீள போல்ட்டைக் கவரின் தடிமன் இல்லாமலே முறுக்கியிருந்தால் மரை கெட்டிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, கிராங்க் பல் புல்லிக்கு முன்னால் ஒரு வட்டத் தகடு உண்டு என்றால் அது திரும்பப் போயிற்றா? பெல்ட் நழுவாமல் வைத்திருப்பது அந்தத் தகடு, வேலை அவசரத்தில் மேஜையிலேயே தங்கிவிடும் சாமான் அது. சான்ட்ரோ போன்ற குறுக்கு என்ஜின்களில் பல சமயம் என்ஜின் மவுண்ட்டையும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், கீழே ஜாக் முட்டுக் கொடுத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். எல்லாம் மூடியபின் சாவியைத் திருப்புவதற்கு முன் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள், கேம் ஒரு சுற்று வந்துவிடும். எங்காவது பெல்ட் கவரில் உரசினால் அப்போதே காதில் விழும். விழாவிட்டால் ஸ்டார்ட் செய்து, புளியரை வரை ஒரு தடவை ஏறி இறங்கி வந்து, என்ஜின் ஆறியபின் போல்ட்டுகளை இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள்.